எதிர்காலம் மாதிரி தெரிய ஒரு ஃபாண்ட்: ஆர்பிட்ரானா, மைக்ரோமாவா, எக்ஸோ 2-ஆ, யூரோஸ்டைலா?

மூன்று பேர், ஏறக்குறைய ஒரே கேள்வி. ஒருவர் மின்சார ஸ்கூட்டர் ஷோரூம் திறக்கிறார், போர்டு அடிக்க வேண்டும். இன்னொருவர் கல்லூரி மாணவி, துறையில் நடக்கும் ரோபோட்டிக்ஸ் போட்டிக்குப் போஸ்டர் செய்கிறார். மூன்றாமவருக்குக் கேமிங் சேனல், தம்ப்நெயிலில் (வீடியோவின் முகப்புப் படத்தில்) பெயர் பளிச்சென்று தெரிய வேண்டும். "ஃபியூச்சரிஸ்டிக்கா இருக்கணும்" என்பதுதான் மூவரும் சொன்னது. மூவருமே ஆர்பிட்ரானை ஏற்கெனவே இறக்கி வைத்துவிட்டு, இது போதுமா, வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. அந்தப் பதில்கள் எப்படி வந்தன என்பதைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் நான்காவதாகக் கேட்கப் போகிறவருக்கும் இது உதவும்.

## இந்த எதிர்காலத்துக்கு வயது எழுபதுக்கு மேல்

ஆங்கில ஓ எழுத்தை வட்டமாக வரையாமல், மூலை மழுங்கிய சதுரமாக வரையும் பாணி இத்தாலியில் பிறந்தது. டூரின் நகரில் இருந்த நெபியோலோ அச்செழுத்து வார்ப்பு நிறுவனத்துக்காக அலெஸ்ஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நோவரேஸேயும் 1952-இல் மைக்ரோகிராம்மா என்ற ஃபாண்டைச் செய்தார்கள். அதில் பெரிய எழுத்துகள் மட்டும்தான். பத்து வருடம் கழித்து, 1962-இல், நோவரேஸே சின்ன எழுத்துகளையும் சேர்த்து யூரோஸ்டைலைக் கொண்டுவந்தார். பழைய டிவியின் கண்ணாடித் திரையை நினைத்துக்கொள்ளுங்கள்: சதுரமும் இல்லை, வட்டமும் இல்லை, நான்கு பக்கமும் லேசாகப் புடைத்திருக்கும். அதே வடிவம்தான். விண்கலச் சுவர், கட்டுப்பாட்டுப் பலகை என்று திரைப்படக்காரர்கள் இதையே ஒட்டி ஒட்டி நம் கண்ணைப் பழக்கிவிட்டார்கள், இன்று இதைப் பார்த்ததும் மனம் தானாக ராக்கெட் ஏறிவிடுகிறது.

கணினி எழுத்து என்று நாம் நினைக்கும் இன்னொரு வகையின் மூலம் உங்கள் காசோலைப் புத்தகத்திலேயே இருக்கிறது. காசோலையின் அடியில், சில இடங்களில் வீங்கித் தடித்த எண்கள் ஓடுமே, அதற்கு ஈ-13பி என்று பெயர். அதில் பத்து எண்களும் நான்கு குறிகளும் தவிர எதுவும் இல்லை. அதைப் பார்த்து 'இப்படி எழுத்துகள் இருந்தால் எப்படி இருக்கும்' என்று மற்றவர்கள் பின்னால் கற்பனை செய்ததுதான் அந்த வகை ஃபாண்ட்கள். வங்கிக் கருவி படிப்பதற்காகச் செய்த எண், கடைசியில் ரோபோ பேசும் எழுத்தாகிவிட்டது!

நிலவுக்கே போன எழுத்து எது என்று கேட்டால் இந்தச் சதுரக் கூட்டத்தில் ஒருவரையும் கைகாட்ட முடியாது. 1969-இல் அப்பல்லோ 11 அங்கே விட்டுவந்த தகட்டில் இருப்பது ஃபியூச்சுரா. பால் ரென்னர் செய்து 1927-இல் வந்தது, நல்ல உருண்டை வட்டம். ஆக, எதிர்காலம் என்றால் சதுரம்தான் என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஆனால் வாடிக்கையாளர் மனதில் இருப்பது சதுரம்தான் என்றால் சதுரத்துக்குள்தான் தேட வேண்டும்.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

முதலில் பெயரின் எழுத்துகள். இதை யாருமே பார்ப்பதில்லை, எல்லாரும் ஃபாண்ட் தளத்தில் அந்த ஃபாண்டின் பெயரையே பார்த்து மயங்குகிறார்கள். சதுரப் பாணிக்கு ஓ, சி, டி, ஜி, யூ, ஈ மாதிரி எழுத்துகள் விருந்து. வி, டபிள்யூ, எக்ஸ், கே மாதிரி சாய்கோட்டு எழுத்துகள் தொல்லை, அவற்றை எவ்வளவு மழுக்கினாலும் பெட்டிக்குள் வராது. ஆங்கில ஓவும் டியும் கியூவும் பூஜ்யமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நான்கும் ஒரே பெட்டியாகத் தெரியும். உங்கள் பெயரை அடித்து, பத்து அடி தள்ளி நின்று, அந்தப் பெயர் தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் ஒரு நொடி தயங்கினால் வேறு ஃபாண்ட்.

அடுத்தது அகலம். ஒரு தோராயக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பத்தடி போர்டு, ஓரம் விட்டால் ஒன்பது அடி, பெயரில் பன்னிரண்டு எழுத்து. எழுத்தின் அகலம், இடைவெளியையும் சேர்த்து, உயரத்தைப்போல் 1.2 மடங்கு என்றால் எழுத்து ஏழரை அங்குல உயரம்தான் வரும். அகலம் உயரத்தில் 0.6 பங்காக இருக்கும் குறுகலான ஃபாண்ட் என்றால் அதே இடத்தில் பதினைந்து அங்குலம். உயரம் பாதியானால் படிக்க முடிகிற தூரமும் ஏறக்குறைய பாதியாகும். அகலமான ஃபாண்டின் மறைமுகச் செலவு இதுதான்: பெரிய போர்டுக்குக் காசு கொடுத்துவிட்டுச் சின்ன எழுத்தை வாங்குகிறீர்கள்.

அப்புறம் தடிமன்கள் (மெல்லியது, சாதாரணம், போல்ட் மாதிரி) எத்தனை, பெயரைத் தாண்டி விவரங்களையும் இதிலேயே எழுத முடியுமா, லைசென்ஸ் என்ன சொல்கிறது, எதில் முடியப் போகிறது (ஃபிளெக்ஸா, அக்ரிலிக்கா, கைப்பேசித் திரையா). கடைசியாகத் தமிழ். கடைசியாகச் சொன்னாலும் பல வேலைகளில் முடிவு அங்கேதான் நடக்கிறது, அதற்குத் தனியாக வருகிறேன்.

## ஆர்பிட்ரான்

மேட் மெக்கினெர்னி வரைந்து 2009-இல் லீக் ஆஃப் மூவபிள் டைப் என்ற திறந்த ஃபாண்ட் தளம் வழியாக வெளிவந்தது. கூகுள் ஃபாண்ட்ஸில் 400 (சாதாரணம்) முதல் 900 (மிகத் தடிப்பு) வரை ஆறு தடிமன்களில் கிடைக்கிறது, சாய்வெழுத்து இல்லை. திறந்த லைசென்ஸ்: வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், இணையத்தில் போடலாம், மாற்றலாம், ஃபாண்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

இதன் பலம் உடனடித்தன்மை. ஒரு சொல் போதும், இது அறிவியல் புனைகதை என்று சொல்லிவிடும், விளக்கவே வேண்டாம். தம்ப்நெயிலுக்கும் ஸ்கோர் காட்டும் எண்களுக்கும் போட்டியின் தலைப்புக்கும் இதைவிட வேகமாக வேலை செய்யும் இலவச ஃபாண்ட் எனக்குத் தெரிந்து குறைவு. பிளாக் எனப்படும் மிகத் தடித்த பதிப்பில் நியான் ஒளி சேர்த்தால் பதினெட்டு வயசுப் பையன்கள் கைதட்டுவார்கள்.

அதுதான் பிரச்சினையும். இலவசம், எளிது, உடனே பிடிக்கும் என்பதால் எல்லாரிடமும் இருக்கிறது. டிரோன் கிளப், கிரிப்டோ விளம்பரம், கணினி சர்வீஸ் கடை என்று இதைப் பார்த்துப் பார்த்துக் கண் சலித்துவிட்டது, ஒரு நிறுவனத்துக்கு லோகோவாக வைத்தால் அடுத்த தெருவில் அதே எழுத்து வேறு பெயரில் நிற்கும். இன்னொன்று, இரண்டு வரிக்கு மேல் ஓடினால் படிக்க முடியாது. நானே ஒருமுறை ஒரு விழா அழைப்பிதழ் முழுவதையும், தேதி, இடம், பேருந்து வழித்தடம் உட்பட, ஆர்பிட்ரானில் அடித்துக் கொடுத்தேன். நாள் முழுக்க "எத்தனை மணிக்குங்க?" என்று போன் வந்துகொண்டே இருந்தது. தப்பு ஃபாண்டிடம் இல்லை, அது தலைப்புக்காகச் செய்தது, அதைப் போய்ப் பத்தியில் ஓட்டியவன் நான்.

லோகோவுக்கு இதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஒரு வழி உண்டு. எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றி, ஒன்றிரண்டு எழுத்துகளை வெட்டித் திருத்துங்கள், குறுக்குக்கோட்டை எடுங்கள், மூலையைச் சாய்வாகச் சீவுங்கள். லீக் தளத்தில் கிடைக்கும் பதிப்பில் மாற்று எழுத்துகளும் நிறைய உண்டு, அதைத் திறந்து பார்க்காமலேயே பலர் போய்விடுகிறார்கள்.

## மைக்ரோமா

வெர்னன் ஆடம்ஸ் செய்த இலவச ஃபாண்ட். பெயரைப் பார்த்தாலே மைக்ரோகிராம்மாவின் வழி வந்தது என்று தெரியும். ஆர்பிட்ரான் வீடியோ கேம் என்றால் மைக்ரோமா விமானத்தின் காக்பிட். கத்தாது, நிதானமாக நிற்கும். கார், கேமரா, ஒலிபெருக்கி, கைக்கடிகாரம் மாதிரிப் பொருளின் உடம்பில் சின்னதாக, எழுத்துகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டுப் பொறித்தால் விலை உயர்ந்த பொருள் போலத் தோன்றும்.

ஒரே ஒரு தடிமன்தான், இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். போல்ட் பொத்தானை அழுத்தினால் வருவது உண்மையான போல்ட் இல்லை, மென்பொருளோ பிரவுசரோ கோட்டைத் தானாக ஊதிப் பெருக்கிக் காட்டுவது, மூலைகள் அடைந்து அசிங்கமாக இருக்கும். அகலமும் நான்கில் அதிகம் என்றே சொல்வேன். நான்கு முதல் ஏழு எழுத்துப் பெயருக்கு அருமை, பதினைந்து எழுத்துப் பெயருக்கு மேலே போட்ட போர்டுக் கணக்கை மறுபடி படியுங்கள்.

## எக்ஸோ 2

போர்ச்சுகல்காரர் நட்டானியேல் காமா செய்தது. முதல் எக்ஸோவைத் திருத்தி 2013-இல் வந்தது இது. ஒன்பது தடிமன், ஒவ்வொன்றுக்கும் சாய்வு, ஆகப் பதினெட்டு. இந்த நான்கில் பத்தி பத்தியாகப் படிக்க முடிகிற இலவச ஃபாண்ட் இது மட்டும்தான். இணையதளத்துக்கும் ஆப் திரைக்கும் விலைப் பட்டியலுக்கும் பொருளின் கையேட்டுக்கும் தாராளமாகப் போகலாம்.

ஆனால் தூரத்தில் இருந்து பார்த்தால் 'எதிர்காலம்' என்று கத்தாது. கொஞ்சம் தொழில்நுட்ப வாசனை அடிக்கும், அவ்வளவுதான். கேமிங் சேனல்காரரிடம் இதைக் காட்டினேன், "சாதாரணமா இருக்கே" என்றார், அவர் சொன்னதும் சரி. எக்ஸோ 2-ஐத் தனியாக நிறுத்துவதைவிட ஆர்பிட்ரானுக்குக் கீழே துணையாக வைக்கலாம்: தலைப்பு அதில், தேதியும் இடமும் விதிமுறைகளும் இதில்.

## யூரோஸ்டைல்

இந்த நான்கில் மூலவர் இவர்தான். அகலமான பதிப்பு, குறுகிய பதிப்பு இரண்டும் உண்டு, அதாவது நீளமான பெயரோடு வருகிறவருக்கும் இங்கே ஒரு வழி இருக்கிறது. இதை எடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. உலோக எழுத்தில் பக்கக் கோடுகளுக்கு இருந்த அந்த மெல்லிய புடைப்பு, பழைய கணினிப் பதிப்புகளில் நேர்கோடாகத் தட்டையாகிவிட்டது. லைனோடைப் என்ற ஃபாண்ட் நிறுவனத்துக்காக அகிரா கொபயாஷி 2008-இல் செய்த யூரோஸ்டைல் நெக்ஸ்ட் அந்த வளைவை மீட்டுக்கொண்டுவந்தது. சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் ஆறடி உயர எழுத்தாகச் சுவரில் நிற்கும்போது தட்டைக்கும் புடைப்புக்கும் உள்ள வித்தியாசம் யார் கண்ணிலும் படும், என்ன வித்தியாசம் என்று சொல்லத்தான் தெரியாது.

இது பணம் கொடுத்து வாங்குவது. செலவு விலையோடு முடியவும் முடியாது. கணினியில் நிறுவ ஒரு லைசென்ஸ், இணையதளத்துக்கு வேறு, ஆப்புக்குள் வைக்க வேறு என்று பிரித்துத்தான் விற்பார்கள். டிசைனர் வாங்கிய லைசென்ஸ் பொதுவாக டிசைனரின் கணினிக்கு மட்டும்தான், வாடிக்கையாளர் ஆபீசில் பத்து கணினியில் ஏற்றினால் அவர் தனியாக வாங்க வேண்டும். "எங்ககிட்ட சிடியில் எல்லா ஃபாண்டும் இருக்குங்க" என்று அச்சகத்தில் சொல்வார்கள். அந்த சிடியை நம்பி ஒரு பிராண்டைக் கட்டாதீர்கள்.

பெரிய நிறுவனம், ஐந்து பத்து வருடம் ஓடப் போகும் அடையாளம், பல அகலங்களில் ஒரே குடும்பம் வேண்டும் என்றால் இந்தச் செலவு நியாயம். மூன்று நாள் நடக்கும் கல்லூரி விழாவுக்கு வீண்.

## ஒரே பார்வையில்

| | ஆர்பிட்ரான் | மைக்ரோமா | எக்ஸோ 2 | யூரோஸ்டைல் |
|---|---|---|---|---|
| தடிமன்கள் | 6 | 1 | 9, சாய்வோடு 18 | பதிப்பைப் பொறுத்தது |
| அகலம் | அதிகம் | மிக அதிகம் | சாதாரணம் | அகலம், குறுகல் இரண்டும் |
| விலை | இலவசம் | இலவசம் | இலவசம் | கட்டணம் |
| பத்தியில் ஓடுமா | ஓடாது | ஓடாது | நன்றாக ஓடும் | குறுகிய பத்திக்குச் சமாளிக்கும் |
| எங்கும் பார்த்த சலிப்பு | நிறைய | கொஞ்சம் | கொஞ்சம் | குறைவு |
| தமிழ் எழுத்து | இல்லை | இல்லை | இல்லை | இல்லை |

கடைசி வரியைப் பாருங்கள்.

## தமிழ் வந்தால் கணக்கே மாறும்

நான்கிலும் தமிழ் இல்லை. ஆர்பிட்ரானைத் தேர்ந்தெடுத்துத் தமிழில் தட்டினால் கணினி சத்தமில்லாமல் வேறு ஃபாண்டுக்குத் தாவும், விண்டோஸில் நிர்மலாவோ லதாவோ வந்து நிற்கும், சில மென்பொருள்களில் வெறும் கட்டங்கள் வரும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் வேர்ல்டு ரெடி லேஅவுட் என்ற அமைப்புக்கு மாற்றாமல் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகும்.

போதாததற்கு, தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகை என்றால் தமிழ் முதலில், மற்ற மொழிகளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஷோரூம்காரரிடம் இதைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. இரண்டு வாரமாக ஆங்கில ஃபாண்டைத் தேடியிருக்கிறார், போர்டில் பாதிக்கு மேல் இடம் பிடிக்கப் போவது தமிழ்.

அதனால் தமிழ் ஃபாண்டை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஒத்துப்போகும் ஆங்கிலத்தைத் தேடுங்கள் என்பேன். இந்தச் சதுரப் பாணியோடு என் கண்ணுக்கு நன்றாகச் சேர்வது அனேக் தமிழ். மும்பையின் எக் டைப் குழு 2022-இல் பத்து எழுத்துமுறைகளுக்குச் செய்த குடும்பத்தில் ஒன்று. மாத்திரை வில்லை போன்ற வடிவம், எட்டு தடிமன், அதைவிட முக்கியமாக ஐந்து அகலம். மிக அகலமான பதிப்பைத் தடித்த போல்டில் எடுத்தால் மைக்ரோமாவுக்கும் ஆர்பிட்ரானுக்கும் பக்கத்தில் கூச்சமில்லாமல் நிற்கும். பிரியா ரவிச்சந்திரன் செய்த கட்டமரானும் நல்ல ஃபாண்ட், ஒன்பது தடிமன் உண்டு, ஆனால் அதன் குணம் வேறு, எக்ஸோ 2-க்கு அருகில் வைத்தால்தான் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாணியில் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இழுத்து விடுவது வழக்கம், அழகாகவும் இருக்கும். அதையே தமிழுக்குச் செய்தால் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாக விலகி நிற்கும், படிக்கிறவர் தடுமாறுவார். தமிழுக்கு இடைவெளியை அப்படியே விடுங்கள், அகலம் வேண்டுமென்றால் அகலமான ஃபாண்டை எடுங்கள். வரிகளுக்கு நடுவேயும் கூடுதல் இடம் வேண்டும்: ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மேலும் கீழும் மட்டமாக நிற்கும், நமக்கு மேலே கி, கீ என்று சுழியும் கீழே கு, ரு, மூ என்று வாலும் உண்டு.

சிலர் தமிழைத் தாங்களே சதுரமாக வரைந்துவிடலாம் என்பார்கள். ப, ட, ம மூன்றும் பிறவியிலேயே பெட்டி எழுத்துகள், அவற்றை வைத்து வரைந்து பார்த்துத்தான் இந்தத் தைரியம் வருகிறது. ணகரத்தின் சுழிகளை எண்ண முடியாமல் அது னகரமாகத் தெரியும்போது, ரகரமும் துணைக்காலும் ஒன்றாகிப்போகும்போது தைரியம் போய்விடும். பெயரில் ப, ட, ம, ய, ச வகை எழுத்துகளே இருந்தால் முயலுங்கள், நான்கு எழுத்துக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஞ, ஐ, ஜ, ண இருந்தால் அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## மூவருக்கும் சொன்னது

ஷோரூமுக்கு: தமிழ்ப் பெயர் அனேக் தமிழ், அகலப் பதிப்பு, பெரிதாக. ஆங்கிலப் பெயர் ஆறே எழுத்து, சாய்கோட்டு எழுத்து ஒன்றே ஒன்று, அதனால் மைக்ரோமா. அக்ரிலிக்கில் வெட்டுவதால் தடிமன் ஒன்றுதான் என்பது இங்கே குறையில்லை, ஆனால் வெட்டுகிறவரிடம் மெல்லிய கோட்டின் அகலத்தை முதலில் கேட்கச் சொன்னேன், விளக்கு உள்ளே வைப்பதென்றால் அதற்கும் இடம் வேண்டும். கோப்பைக் கோரல்டிராவில் கண்ட்ரோல் கியூ அழுத்தி கர்வ்ஸ் (கோட்டு வடிவம்) ஆக்கித்தான் அனுப்ப வேண்டும். முன்பு ஒருமுறை நான் மறந்துபோய் அனுப்ப, கடையில் அந்த ஃபாண்ட் இல்லாமல் கணினி தன் விருப்பத்துக்கு ஒன்றை வைத்துக்கொள்ள, இரவோடு இரவாக ஃபிளெக்ஸ் அடித்து விடியற்காலையில் கட்டியும் விட்டார்கள். என்னுடைய 'எதிர்காலம்' ஏரியல் என்ற சாதாரண ஃபாண்டில் தொங்கியது.

சேனலுக்கு: ஆர்பிட்ரான் பிளாக், யோசிக்கவே வேண்டாம். கைப்பேசியில் தம்ப்நெயில் கட்டைவிரல் நகம் அளவுதான், மெல்லிய ஃபாண்ட் எதுவும் அங்கே பிழைக்காது. மூன்று சொல்லுக்கு மேல் போடக் கூடாது. எல்லாரும் வைத்திருக்கிறார்களே என்று கேட்டார். வீடியோ போடுகிறவருக்கு அது பெரிய நஷ்டமில்லை, லோகோவை மட்டும் வெட்டித் திருத்தி வைத்துக்கொண்டால் போதும்.

மாணவிக்கு: போட்டியின் பெயர் ஆர்பிட்ரானில், தமிழ் வரி அனேக்கில், விதிமுறைகளும் தேதியும் தொடர்பு எண்ணும் எக்ஸோ 2-இல். மூன்றும் இலவசம், மூன்றும் சேர்ந்து நிற்கும். அச்சுக்கு அனுப்பும் முன் ரூபாய்க் குறியை மட்டும் உற்றுப் பார்க்கச் சொன்னேன். ₹ வந்ததே 2010 ஜூலையில், அதற்கு முந்தைய ஃபாண்ட் கோப்பு கையில் இருந்தால் அது இருக்காது. அவர் மடிக்கணினியில் திறந்து பார்த்தோம், ஆர்பிட்ரானின் பழைய பதிப்பு, "முதல் பரிசு" என்பதற்குப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டமும் அதற்குப் பின்னால் 25,000-மும் நின்றுகொண்டிருந்தன.